பிரயாணியும் பழத்தோட்டமும்: பழனி மலைச் சாகுபடியாளர்களுக்குச் சில யோசனைகள்

(ஓர் அரசாங்க விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

கோடை பிறந்தவுடன் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் வண்டிகள் வரிசையாக நிற்பதை நமது விவசாய நண்பர்கள் ஆண்டுதோறும் கண்டிருப்பார்கள். அவ்வண்டிகளில் வருவோர் கையில் பணத்துடனும், நல்லதாக எதையேனும் வாங்கிச் செல்லவேண்டும் என்னும் ஆவலுடனும் வருகின்றனர். அதே பாதையின் இருபுறத்து மலைச் சரிவுகளில் பிளம்ஸ், பேரி, மலைவாழை, காப்பி, மிளகு, பூண்டு முதலியன விளைகின்றன. ஆயினும் ஏறி வரும் பிரயாணிக்கும் விளைவிக்கும் குடியானவருக்கும் பேச்சே கிடையாது. பழம் இரவில் லாரியேறி மண்டிக்கு இறங்குகிறது. அங்கே இரண்டு மூன்று கை மாறியபின், அதில் ஒரு பகுதி மறுபடியும் மலையேறி ஏரிக்கரைக் கடைக்கு வருவதும் உண்டு. பிரயாணி கொடுக்கும் விலையில் குடியானவருக்குச் சேரும் பங்கு எவ்வளவு என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள்.

பிரயாணிகளைத் தம் ஊருக்கும் தம் தோட்டத்திற்கும் வரவழைத்து, விளைபொருளை நேரில் விற்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன். இதில் நான் செய்த பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். அது மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

ஊரின் பெயர் பரவிய விதம்

பிரயாணிகளை அழைப்பது நமக்குப் புதிய வித்தையன்று. மலையடிவாரத்துப் பழனிக்குக் காவடி எடுத்துவரும் அடியார்களே நமது பழைய பிரயாணிகள். அவர்கள் திரும்பும்போது கையில் பஞ்சாமிர்தம் கொண்டுபோகின்றனர். அதை உண்டவர்கள் பழனிக்கு வராதவர்களாயினும் பழனியின் பெயரை அறிவார்கள். இந்தப் பஞ்சாமிர்தத்தின் உயிர், பழனி மலையின் கீழ்ச் சரிவுகளில் விளையும் விருப்பாட்சி வாழைப்பழமேயாகும். நீர்ச்சத்துக் குறைந்த பழமாதலால் பஞ்சாமிர்தம் நெகிழ்ந்து போகாமல் பல நாள் நிற்கிறது. நமது மலையில் விளைந்த பழம் ஊர்தோறும் சென்று ஒரு க்ஷேத்திரத்தின் பெயரைப் பரப்பியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கொடைக்கானலின் கதையோ வேறு. 1845ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சி இம்மலையில் வீடு கட்டிக்கொண்டனர். மதுரை ஜில்லாக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863ல் ஏரியை அமைத்தார். 1908ல் பிரயண்ட் பூங்கா உண்டாயிற்று. ஏரியும் பூங்காவும் மனிதர் கையால் அமைந்தவை. குளிர்ச்சி ஒன்றை மட்டும் நம்பியிராமல், வந்தவர் கண்டு மகிழ்வதற்கு இடங்களை உண்டாக்கியதனாலேயே இவ்வூர் உல்லாசப் பிரயாணிகளுக்கு உகந்ததாயிற்று.

நீலகிரியின் அனுபவம் நமக்கு இன்னும் தெளிவான பாடமாகும். உதகமண்டலத்தில் 1848ல் அரசாங்கத் தாவரத் தோட்டம் ஏற்பட்டது. அங்கே மலர்க் கண்காட்சி 1896ல் தொடங்கியது. இந்நாளில் மே மாதம் வந்தால் உதகையில் மலரும் ரோஜாவும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழங்களும், கோத்தகிரியில் காய்கறிகளும், கூடலூரில் வாசனைத் திரவியங்களும் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. ஒரே ஜில்லாவில் ஊருக்கு ஒரு விளைபொருளாகப் பிரித்துக்கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது. மலர் காண வந்தவர் பழம் காணவும் ஒருநாள் தங்குகிறார். தங்கிய ஒவ்வொரு நாளும் அவர் உண்கிறார், வாங்குகிறார், பேசுகிறார்.

இவற்றிலிருந்து நாம் அறியவேண்டியவை மூன்று. முதலாவது, இன்ன காலத்தில் வந்தால் இன்னது காணலாம் என்று தேதியோடு சொல்லவேண்டும். இரண்டாவது, வந்தவர் கண்ணால் காண ஏதேனும் இருக்கவேண்டும். மூன்றாவது, திரும்பிப் போகும்போது ஊர்ப் பெயரைச் சொல்லும் பொருள் ஒன்று அவர் கையில் இருக்கவேண்டும். இம்மூன்றில் முதலிரண்டை அரசாங்கமும் நகரசபையும் ஓரளவு செய்துவிடும். மூன்றாவது குடியானவர் கையில்தான் இருக்கிறது.

காலமறிந்து அழைத்தல்

ஏப்ரல், மே ஆகிய இரு மாதங்களில் கூட்டம் நெரிகிறது. மற்ற மாதங்களில் விடுதிகள் காற்று வாங்குகின்றன. கூட்டத்தைக் கட்டுப்படுத்த சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை ஏற்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகளும் வார இறுதியில் 6,000 வண்டிகளும் மட்டுமே ஏறலாம் என்று வரையறை செய்யப்பட்டது. மலைக்கும் தண்ணீருக்கும் தாங்கும் சக்தி இவ்வளவுதான் என்பதே இதன் பொருள். ஆகையால் இன்னும் அதிகம் பேரைக் கோடையில் அழைப்பது நமது நோக்கமாக இருக்கலாகாது. வருகிறவரைக் கூடுதலாக ஒருநாள் தங்கச் செய்வதும், கோடையல்லாத மாதங்களில் வரச் செய்வதுமே அறிவுடைமை.

இதற்கு விவசாயமே தக்க துணை. பிளம்ஸ் பழம் மே, ஜூன் மாதங்களில் கிடைத்தால், பேரி அதைத் தொடர்ந்து ஜூலை முதல் பறிப்புக்கு வருகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காப்பிப் பழம் பறித்துத் தோல் நீக்கி உலர்த்தும் வேலை பனிக்காலத்தில் நடக்கிறது. காப்பியை நாள்தோறும் பருகுவோரிலும் அதன் செந்நிறப் பழத்தைக் கண்ணால் கண்டவர் சிலரே. நகரத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய அதிசயம். “டிசம்பரில் வாருங்கள், காப்பி பறிப்பைக் காணலாம்” என்று சொல்ல நம்மிடம் விஷயம் இருக்கிறது. சொல்லுவோர்தாம் இல்லை.

சரக்கை ஆயத்தம் செய்தல்

மண்டிக்கு அனுப்பும் சரக்கும் பிரயாணிக்கு விற்கும் சரக்கும் ஒன்றல்ல. மண்டிக்காரர் கூடையைப் பார்க்கிறார். பிரயாணியோ பழத்தைப் பார்க்கிறார். எனவே பறித்தவுடன் நிழலில் கொட்டி, அடிபட்டதையும் காயையும் கனிந்து போனதையும் நீக்கி, மற்றவற்றைப் பருமன் பார்த்து இரண்டு தரமாகப் பிரிக்கவேண்டும். ஊருக்கு எடுத்துச் செல்ல விரும்புவோருக்குச் சற்று இறுகிய பழத்தையும், அங்கேயே உண்போருக்குக் கனிந்த பழத்தையும் கொடுக்கவேண்டும். வண்டியில் எட்டு மணி நேரம் செல்லும் பழம் வீட்டிற்குப் போய்ச் சேரும்போது கூழாகிவிட்டால், அவ்வீட்டார் மறுபடியும் நம்மிடம் வாங்கமாட்டார்கள்.

ஒரு கிலோ, இரண்டு கிலோ கொள்ளும் அட்டைப் பெட்டி அல்லது ஓலைப் பெட்டி போதுமானது. பிளாஸ்டிக் பைகள் நமது மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருப்பதை மறக்கலாகாது. பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயர், ஊர், பறித்த தேதி, எடை, விலை, தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதவேண்டும். பறித்த தேதியை எழுதத் துணியும் விற்பனையாளரை ஜனங்கள் தாமே நம்புவார்கள். தராசு முத்திரையிட்டதாக இருக்கவேண்டும்.

அழகற்றதாயினும் கெடாத பழங்களை ஜாம் ஆக்கலாம். பழம் 100க்கு 45 பங்குக்குக் குறையாமலும், கரையும் திடப்பொருள் 100க்கு 65 பங்குக்குக் குறையாமலும் இருப்பது ஜாமுக்குரிய விதி. இதை அளக்கச் சிறு கருவி உண்டு. கண் மதிப்பில் காய்ச்சினால் பூஞ்சாணம் பிடிக்கும். உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் பதிவு செய்துகொண்டே விற்கவேண்டும்.

கணக்குப் பார்த்தல்

நேர் விற்பனை என்றவுடன் எல்லாம் லாபம் என்று மகிழலாகாது. ஓர் உதாரணக் கணக்கு கீழே கொடுத்திருக்கிறேன். இதிலுள்ள விலைகள் விளக்கத்திற்காகக் கொண்டவையே. அவரவர் தம் ஊர் விலையை இட்டுக் கணக்கிட்டுக் கொள்ளவேண்டும்.

100 கிலோ பிளம்ஸ் பழத்தை மண்டிக்காரர் தோட்டத்திலேயே கிலோ 40 ரூபாய்க்கு எடுப்பதாகக் கொள்வோம். வரவு 4,000 ரூபாய்.

அதையே தரம் பிரித்து இரண்டு நாட்களில் நேரில் விற்றால்:
முதல் தரம் 60 கிலோ, கிலோ 100 ரூபாய் வீதம் — 6,000 ரூபாய்.
இரண்டாம் தரம் 25 கிலோ, கிலோ 60 ரூபாய் வீதம் — 1,500 ரூபாய்.
ஜாமுக்கு நிறுத்தியது 15 கிலோ.
மொத்த வரவு 7,500 ரூபாய்.
செலவு: பெட்டி 600, இரண்டு நாள் ஆள் கூலி 1,000, ருசி பார்க்கக் கொடுத்ததும் சேதாரமும் 400, ஆக 2,000 ரூபாய்.
மிச்சம் 5,500 ரூபாயும் 15 கிலோ பழமும்.

ஆகவே 1,500 ரூபாய் அதிகம் கிடைக்கிறது. ஆனால் மழை பெய்து, முதல் தரத்தில் பாதி விற்காமல் நின்று, அந்த 30 கிலோவை 40 ரூபாய்க்கே தள்ளவேண்டி வந்தால், மிச்சம் 3,700 ரூபாயாகக் குறைந்துவிடும். மண்டிக்குப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிட இது குறைவு. ஆகையால் முதலாண்டிலேயே மண்டியைப் பகைத்துக்கொள்ளலாகாது. விளைச்சலில் நாலில் ஒரு பங்கை மட்டும் நேர் விற்பனைக்கு ஒதுக்கி, அனுபவம் ஏற ஏறக் கூட்டுவதே உத்தமம். 1999ல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியபோது குடியானவர்கள் கற்றுக்கொண்டதும் இதுவே: விளைவிப்பது ஒரு தொழில், நின்று விற்பது மற்றொரு தொழில்.

தோட்டத்தைக் காட்டுதல்

ஒரு கிராமத்தில் நான் இந்த யோசனையைச் சொன்னபோது, ஐந்து ஏக்கர் தோட்டத்தைத் தனியாகவே நடத்திவரும் மூதாட்டி ஒருவர், “வேடிக்கை பார்க்க வருகிறவன் பாத்தியை மிதித்துவிட்டுப் போனால் நட்டத்தை யார் கொடுப்பது, தம்பி?” என்று கேட்டார். கேள்வி முற்றும் நியாயமானது. மிதிபடுவதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. உருளைக்கிழங்கைக் கெடுக்கும் பொன்னிற நூற்புழு 1961ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்கு எளிதில் தோன்றாத அதன் முட்டைக் கூடுகள் மண்ணோடு மண்ணாகச் செருப்பிலும் சக்கரத்திலும் ஒட்டி ஊர் விட்டு ஊர் போகும். மலைவாழையை முன்னர் பெரிதும் அழித்த முடிக்கொத்து நோயோ, நோயுற்ற கன்றுகளாலும் அசுவினியாலும் பரவுகிறது. ஆசையோடு கேட்கிறார் என்று பிரயாணிக்கு ஒரு வாழைக் கன்றைத் தோண்டிக் கொடுப்பது, நோயையும் கூடவே அனுப்புவதாக முடியலாம்.

ஆகவே தோட்டம் காட்டுவோர் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளவேண்டும்.

1. வருவோர் நடக்க மூன்றடி அகலத்தில் ஒரே பாதை வகுத்து, இருபுறமும் கயிறு கட்டுக. உருளைக்கிழங்கு நிலத்தினுள் எவரையும் விடவேண்டாம்.

2. நுழைவாயிலில் தண்ணீர்த் தொட்டியும் தேய்க்கத் துடைப்பமும் வைத்து, வரும்போதும் போகும்போதும் காலணி மண்ணைக் கழுவச் செய்க.

3. மருந்து தெளித்த பகுதியில், டப்பாவின் மேல் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழியும்வரை எவரையும் பழம் பறிக்க விடலாகாது.

4. ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். வீட்டார் ஒருவர் உடன் செல்லவேண்டும். காட்டுமாடு நடமாடும் இடங்களில் மாலை நான்கு மணிக்குமேல் காட்டுவதை நிறுத்துக.

5. சுத்தமான கழிப்பிடமும் குடிதண்ணீரும் அவசியம். இவ்விரண்டும் இல்லாத தோட்டத்திற்குப் பெண்களும் முதியோரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

6. ஒரு சிறு கட்டணம் வாங்குக. இலவசமாக விட்டால் கூட்டம் சேரும், கவனம் இராது. கட்டணத்தைப் பழம் வாங்குவோருக்கு விலையில் கழித்துக் கொடுக்கலாம்.

அம்மூதாட்டி இம்முறைகளைக் கேட்டபின், மூன்று பேரிமரங்கள் நிற்கும் ஒரு மூலையை மட்டும் ஒதுக்கினார். வருவோரிடம் அவர் பெரிதாகப் பிரசங்கம் செய்வதில்லை. எந்த மரத்தைத் தாம் நட்டார், எதைத் தம் மாமியார் நட்டார் என்று சொல்லுகிறார். அதைக் கேட்டவர்கள் அந்த மரத்தின் பழத்தையே கேட்டு வாங்குகிறார்கள்.

பெயரைக் காத்தல்

இப்போது என் பிழையைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மலைப்பூண்டு சாகுபடி செய்யும் பன்னிருவரைச் சேர்த்து, பாதையோரத்தில் ஒரு விற்பனைப் பந்தல் போடச் செய்தேன். முதல் மூன்று வாரம் வியாபாரம் நன்கு நடந்தது. சரக்குக் குறைந்தபோது, “பந்தல் ஒருநாளும் வெறுமையாக இருக்கலாகாது, வெறும் பந்தலைக் கண்டால் அடுத்தமுறை வண்டி நிற்காது” என்று நான் அவர்களை நெருக்கினேன். அவர்களில் ஒருவர் மண்டிக்குச் சென்று சமவெளிப் பூண்டை வாங்கிவந்து நமது பூண்டோடு கலந்துவிட்டார். தாளில் விற்பனைத் தொகை ஏறியதைக் கண்டு மகிழ்ந்த நான், மூட்டையைத் திறந்து பார்க்கவில்லை.

ஒரு மாதம் சென்று, மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் பையோடு வந்து, பூண்டைப் பலகையின்மேல் கொட்டினார். பாதி நன்றாயிருந்தது, பாதி சுருங்கிச் சொத்தையாகியிருந்தது. “விலை அதிகம் என்று நான் வருந்தவில்லை, ஐயா. உங்கள் ஊர்ப் பெயரை நம்பி என் தம்பி வீட்டிற்கும் வாங்கிக் கொடுத்தேன்” என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திராது. கலக்காத பதினொருவரும் அவரெதிரே தலை குனிந்து நின்றனர். அவ்வாண்டே பந்தல் கலைந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கியபோது, அவர்களே ஒரு விதி செய்துகொண்டார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் விளைவித்தவர் பெயர்ச்சீட்டு இருக்கவேண்டும். சரக்குத் தீர்ந்தால் “இன்று சரக்கு தீர்ந்தது, நாளைக் காலை வருக” என்று பலகை தொங்கவேண்டும். வெறும் பந்தலால் வண்டி நிற்காது என்று நான் கூறியது தவறாயிற்று. பலகையைக் கண்டவர்களில் பலர் மறுநாள் காலையில் வந்தனர்.

கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. பழனிப் பஞ்சாமிர்தமும் அதே ஆண்டில் பெற்றது. விருப்பாட்சி, சிறுமலை வாழைகளும் அவ்வுரிமை பெற்றவையே. இது 1999ல் இயற்றப்பட்டு 2003ல் அமலுக்கு வந்த சட்டத்தின்படி கிடைக்கும் பாதுகாப்பு. ஆனால் குறியீடு பொருளுக்குக் கிடைத்துவிட்டதாலேயே ஒவ்வொரு குடியானவருக்கும் அதன் முத்திரையை இடும் உரிமை வந்துவிடாது. அவர் தம்மை அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகப் பதிவு செய்துகொள்ளவேண்டும். பதிவு செய்யாமல் நாம் சும்மா இருந்தால், நமது ஊரின் பெயர் பிறர் மூட்டைமேல் ஏறிவிடும்.

விளம்பரம்

விளம்பரத்திற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வளைவுக்கு நூறு கஜம் முன்னதாகவே, வண்டியோட்டி படித்து வேகத்தைக் குறைக்கும்படி பெரிய எழுத்தில் ஒரு பலகை வேண்டும். வளைவிலேயே வைத்தால் விபத்துதான் நேரும். கைப்பேசி வரைபடத்தில் தோட்டத்தின் இடத்தைச் சரியாகக் குறித்து, திறந்திருக்கும் நேரத்தையும் எழுதுக. பறிப்புத் தொடங்கும் நாளைப் பழைய வாடிக்கைக்காரர்களுக்குச் செய்தியாக அனுப்புக. புகைப்படம் இவ்வாண்டுப் பழத்தினுடையதாக இருக்கட்டும். மரத்தில் காயே இல்லாத மாதத்தில் காய்த்துத் தொங்கும் படத்தைப் போட்டு அழைப்பது, வந்தவரை ஏமாற்றுவதாகும்.

வண்டியோட்டிகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் விலையில் பங்கு கொடுத்து ஆள் பிடிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அப்பங்கு ஆண்டுதோறும் ஏறும், முடிவில் பிரயாணியின் தலையில் விழும். அவர்களுக்கு ஒரு குவளை காப்பியும், உட்கார நிழலும் கொடுங்கள். அருகருகேயுள்ள நான்கைந்து தோட்டத்தார் ஒன்றுகூடி, ஒருவரிடம் பழம், ஒருவரிடம் காப்பி, ஒருவரிடம் தேன், ஒருவரிடம் மதிய உணவு என்று பிரித்துக்கொண்டு, ஒருவரிடம் வந்தவரை அடுத்தவரிடம் அனுப்புவார்களானால், அது எந்த விளம்பரத்திலும் சிறந்தது. நீலகிரியில் ஊருக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டதை நாம் தோட்டத்திற்கு ஒன்றாகச் செய்துகொள்ளலாம்.

முடிவுரை

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, 2006லும் 2018லும் நமது மலைகளில் பூத்தது. அடுத்த பூப்பு 2030ல் எதிர்பார்க்கப்படுகிறது. அப்போது எவரும் அழைக்காமலே பிரயாணிகள் வருவார்கள். அவர்கள் பூவைக் கண்டுவிட்டு வெறுங்கையோடு இறங்குவதும், நமது தோட்டத்துப் பெட்டியோடு இறங்குவதும் இப்பொழுது நாம் செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தது. இப்போது நடும் பேரிக் கன்று அதற்குள் முழு மரமாகிவிடாது. ஆனால் இப்போது தொடங்கும் தரப்பிரிவும், பதிவும், அயலாரோடு ஒற்றுமையும் அதற்குள் வேரூன்றிவிடும்.

இவ்வாண்டே ஒரு மூலையில் தொடங்க விரும்பும் நண்பர்கள், தங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திற்கு வந்தால், பாதை வகுப்பதற்கும் நோய்ச் சோதனைக்கும் பதிவு மனுக்களுக்கும் வேண்டிய உதவியை இலாகாவின் சிப்பந்திகள் மகிழ்வுடன் செய்வார்கள். வரும்போது சென்ற ஆண்டின் விற்பனைக் கணக்கையும் கையோடு கொண்டுவரவேண்டும். கணக்கு எழுதாதவர்கள் இன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தொடங்குவது நலம்.